பிஷெமிஷ்ல் கோட்டை: பீரங்கிக் கணக்கும் தானியக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் போர்க்கால முற்றுகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் தொடரில், பிஷெமிஷ்ல் கோட்டை குறித்த பகுதியைப் படித்தேன். முதல் உலகப் போர் என்றாலே வெர்தன், சோம் என்று மேற்கு முனையோடு நின்றுவிடும் நமக்கு, கிழக்கு முனையின் மிகப் பெரிய முற்றுகையைத் தமிழில் படிக்கக் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் மையக் கருத்தே தவறு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ரஷ்யப் பீரங்கிகளின் இடைவிடாத தாக்குதலில் கோட்டை நொறுங்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள். 1915 மார்ச் 22 அன்று கோட்டை சரணடைந்தபோது, அதன் வெளிவட்டத்தில் இருந்த நிரந்தர அரண்களில் ஒன்றுகூட ரஷ்யர் கையில் இல்லை. நகரம் விழுந்தது பசியால். அந்தப் பசிக்கான காரணம், இரண்டாவது முற்றுகை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, முதல் முற்றுகையிலிருந்து கோட்டையைக் 'காப்பாற்றிய' 1914 அக்டோபரிலேயே உருவாகிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த முற்றுகையே புரியாது.

முதலில் இடம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் வடகிழக்கு மாகாணமான கலீசியாவில், சான் ஆற்றின் மேல், கார்பேதியன் மலையடிவாரம் முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் இருக்கிறது பிஷெமிஷ்ல். இன்று போலந்தின் தென்கிழக்கு மூலை. உக்ரைன் எல்லை கூப்பிடு தூரம். கிராக்கோவிலிருந்து லெம்பெர்க் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) போகும் முக்கிய ரயில் பாதையும், மலையைக் கடந்து ஹங்கேரியிலிருந்து வரும் பாதையும் இங்கேதான் சேர்கின்றன. ரயில் சந்திப்பையும் ஆற்றுப் பாலங்களையும் கையில் வைத்திருப்பவருக்கே கலீசியா என்பதால், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே அங்கே மண்ணையும் செங்கல்லையும் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1914-இல் வெளிவட்டம் மட்டும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சுற்றளவு. அதில் பெரியவையும் சிறியவையுமாக முப்பதுக்கும் மேற்பட்ட அரண்கள். உள்ளே நகரை ஒட்டி இன்னொரு வட்டம்.

கட்டுரையில் 'ஐரோப்பாவின் அசைக்க முடியாத நவீன அரண்' என்று வருகிறது. நவீனம் என்ற சொல் இங்கே பொருந்தாது. பெரும்பாலான அரண்கள் 1880-களிலும் 1890-களிலும் கட்டப்பட்டவை. அவற்றின் காங்கிரீட் நடுத்தரப் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும், உயரே வீசி மேலிருந்து விழச் செய்யும் 30.5 சென்டிமீட்டர் மோர்ட்டர் குண்டைத் தாங்காது. பீரங்கிகளில் கணிசமானவை 1861 மாதிரி. கரும்புகை கக்கும் பழைய வெடிமருந்தில் இயங்குபவை. ஒரு முறை சுட்டாலே தன் இடத்தைத் தானே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். போர் தொடங்கியதும் 1914 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவசர அவசரமாகச் செய்த வேலைதான் கோட்டைக்கு உயிர் கொடுத்தது. பதுங்குகுழிகள் தோண்டினார்கள். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் முள்கம்பியை வரிசை வரிசையாக இழுத்தார்கள். சுடும் திசையை மறைத்த காடுகளை வெட்டினார்கள். சுற்றுப்புறக் கிராமங்களைக் காலி செய்து தீ வைத்தார்கள். இந்தக் கடைசி வேலைக்குப் பின்னால் ஒரு விலை இருந்தது: எரிக்கப்பட்டவை வெறும் வீடுகள் மட்டும் அல்ல, குளிர்காலத்தில் கோட்டைக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய களஞ்சியங்கள், வைக்கோற்போர்கள், கூரைகள், விறகு.

பீரங்கியும் காலாட்படையும் அரணை உடைக்குமா என்ற சோதனை ஒரே ஒரு முறைதான் முழுமையாக நடந்தது. அது முதல் முற்றுகையில். லெம்பெர்க் 1914 செப்டம்பர் தொடக்கத்தில் விழுந்து, ஆஸ்திரியப் படைகள் மேற்கே பின்வாங்கிய பிறகு, ராட்கோ திமித்ரியெவ் தலைமையிலான ரஷ்யப் படை கோட்டையைச் சூழ்ந்தது. அக்டோபர் 2 அன்று சரணடையும்படி அவர் அனுப்பிய கடிதத்தைக் கோட்டைத் தளபதி ஹெர்மன் குஸ்மானெக் நிராகரித்தார். அக்டோபர் 5 முதல் 8 வரை பெரும் தாக்குதல். தென்கிழக்கே ஷெட்லிஸ்கா பகுதி அரண்கள்தான் குறி. 7-ஆம் தேதி விடியற்காலையில் அங்கிருந்த I/1 என்ற அரணின் அகழியைக் கடந்து ரஷ்யர்கள் அதன் கூரை மீதே ஏறிவிட்டார்கள். உள்ளே இருந்த ஹங்கேரியச் சிப்பாய்கள் காங்கிரீட் அறைகளுக்குள் ஒதுங்கிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். மேலே இருந்தவர்களால் கீழே இறங்க முடியவில்லை. கீழே இருந்தவர்களால் மேலே வர முடியவில்லை. இடைவழிகளில் துப்பாக்கியும் கைக்குண்டுமாகச் சில மணி நேரம் நடந்த சண்டை, பின்னாலிருந்து கையிருப்புப் படை வந்து சேர்ந்ததும் முடிந்தது. கூரை மேல் உயிரோடு மிஞ்சிய ரஷ்யர்கள் கைதானார்கள்.

பழைய அரண்கள் ஏன் தாங்கின? ரஷ்யர்களிடம் முற்றுகைக்கான கனரகப் பீரங்கிகள் அப்போது இல்லை. இருந்தவை பெரும்பாலும் களப் பீரங்கிகள். அவற்றின் ஷ்ராப்னல் குண்டு ஆகாயத்தில் வெடித்து ஈயக் குண்டுகளைக் கீழே தெளிக்கும். வெட்டவெளியில் நிற்கும் ஆளைக் கொல்லும். முள்கம்பியை அறுக்காது, காங்கிரீட்டைத் தொடவும் செய்யாது. கம்பி அறுபடாத இடத்தில் காலாட்படையை முன்னேறச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கம்பியை வெட்டிக்கொண்டு நின்றவர்களைப் பக்கவாட்டு அரண்களின் துப்பாக்கிகள் குறுக்காகச் சுட்டன. ரஷ்யத் தளபதிகளுக்கு அவகாசமும் இல்லை. ஆஸ்திரியர்கள் திரும்ப முன்னேறி வருவது தெரிந்ததால், அவர்கள் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஆட்களைக் கொட்டினார்கள். அக்டோபர் 9-இலிருந்து 11-க்குள் முற்றுகை விலகியது. இந்த மூன்று வாரமும் கோட்டை தன் வேலையைச் சரியாகவே செய்தது என்பது என் கருத்து. தோற்று ஓடிய களப்படை மூச்சு வாங்கி மீண்டும் அணிவகுக்க நேரம் கிடைத்தது. கோட்டை என்பதே அதற்குத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் தங்கள் கட்டுரை 'மீட்புப் படை வந்து கோட்டைக்குப் புத்துயிர் அளித்தது' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறது. உண்மையில் நடந்தது வேலியே பயிரை மேய்ந்த கதை. பொரோயெவிச் தலைமையில் மீட்க வந்த ஆஸ்திரிய-ஹங்கேரிய மூன்றாம் படை, தன் உணவு வண்டிகளைச் சேற்றில் தொலைவில் விட்டுவிட்டு வந்திருந்தது. ரஷ்யர்கள் பின்வாங்கும்போது தெற்கே நிஷன்கோவிட்சே ரயில் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்டோபர் மழையில் கலீசியாவின் மண்சாலை வண்டியின் அச்சு மூழ்கும் சேறு. ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. சான் ஆற்றின் கிழக்குக் கரையில் அகழி தோண்டி நிற்கும் ரஷ்யர்களோடு தினமும் சண்டை. களப்படை எங்கே போய்ச் சாப்பிடும்? கோட்டையின் கிடங்குகளைத் திறந்துவிட்டார்கள். ரொட்டி, ஓட்ஸ், பீரங்கிக் குண்டு எல்லாம் வெளியே போயின. முற்றுகைக் காலத்துக்கென்று அடுக்கி வைத்ததை, முற்றுகை இல்லாத வாரங்களில் தின்று தீர்த்தார்கள்.

பாலம் சீராகி ரயில் ஓடத் தொடங்கியது அக்டோபர் கடைசியில். அதே நேரத்தில் வடக்கே வார்சா முனையில் ஜெர்மானியர்கள் பின்வாங்க, ஆஸ்திரியர்களும் சான் கரையை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கிடைத்த சில நாட்களில் ஒரே பாதையில் உள்ளே தானியமும் குண்டும் வர வேண்டும்; வெளியே காயம்பட்டோரும் நோயாளிகளும் போக வேண்டும். எதுவும் முழுமையாக நடக்கவில்லை. நவம்பர் 8-9 தேதிகளில் கோட்டை இரண்டாவது முறையாகச் சூழப்பட்டது.

இங்கே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். போருக்கு முந்தைய திட்டப்படி கோட்டைக்கு வைத்திருக்க வேண்டிய இருப்பு 85,000 ஆட்களுக்கும் 3,700 குதிரைகளுக்கும் மூன்று மாதத்துக்கு. நவம்பரில் உள்ளே அடைபட்டவர்கள் ஏறத்தாழ 1,30,000 படையினர், 21,000 குதிரைகள். கூடவே சுமார் 30,000 பொதுமக்கள். கிடங்குகள் திட்டப்படி விளிம்பு வரை நிறைந்திருந்தன என்றே வைத்துக்கொள்வோம். 85,000 பேருக்கு 90 நாள் என்பது 1,30,000 பேருக்கு 59 நாள். குதிரைக் கணக்கு இதைவிட மோசம்: 3,700 குதிரைகளின் 90 நாள் தீனி 21,000 குதிரைகளுக்கு 16 நாளைக்கு வராது. அதாவது பொதுமக்களைச் சேர்க்காமலே, முழு இருப்போடு தொடங்கியிருந்தாலே, ஜனவரி முதல் வாரத்தில் ரொட்டி தீரும். நவம்பர் முடிவதற்குள் ஓட்ஸ் தீரும். கோட்டை மார்ச் 22 வரை நீடித்ததுதான் வியப்பு. அதைச் சாத்தியமாக்கியது குதிரைகளின் சாவு.

ஒரு படைக்குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ ஓட்ஸ். 21,000 குதிரைகள் நாளுக்கு 100 டன்னுக்கு மேல் தானியம் தின்னும். ஒரு சிப்பாய்க்கு அரை கிலோ ரொட்டி என்று வைத்தால் 1,30,000 பேருக்கு 65 டன். கோட்டைக்குள் மனிதர்களைவிடக் குதிரைகளே அதிகத் தானியம் தின்றுகொண்டிருந்தன. ஆகவே ஒரு குதிரையை அறுத்தால் இரண்டு வரவு. அது தின்றிருக்கும் ஓட்ஸ் மனிதனின் ரொட்டிக்குப் போகும். அதன் உடல் இறைச்சியாகும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் ஆயிரம் ஆயிரமாக அறுக்கத் தொடங்கி, மொத்தம் 13,000 குதிரைகள் வரை போனார்கள். மெலிந்த குதிரையிலிருந்து 150 கிலோ உண்ணத்தக்க பகுதி கிடைத்தது என்று வைத்தாலும் ஏறத்தாழ 1,950 டன். 1,60,000 வாய்களுக்கு ஆளுக்கு 200 கிராம் என்றால் 32 டன். இரண்டு மாதக் கணக்கு. ஜனவரியில் முடிந்திருக்க வேண்டிய கையிருப்பு மார்ச்சின் கடைசிப் பத்து நாட்கள் வரை இழுபட்டது இப்படித்தான். கடும் குளிர் ஒரு விதத்தில் உதவியது: உப்பு குறைவாக இருந்தாலும் இறைச்சி கெடவில்லை. எலும்பை வேகவைத்துக் கொழுப்பெடுத்தார்கள். அரைத்து மாவோடு சேர்த்தார்கள்.

ஆனால் இந்த வழியின் சிக்கல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பட்டினி கிடந்த குதிரையின் இறைச்சியில் கொழுப்பே இருக்காது. 200 கிராம் கொடுத்தால் 260 கலோரி கிடைக்கும். பனியில் இரவு முழுக்க அகழியில் நின்று, பகலில் விறகு இழுக்கும் ஆளுக்குத் தேவை 4,000-க்கு மேல். கொழுப்பும் மாவுச்சத்தும் இல்லாமல் வெறும் இறைச்சியைத் தின்பவன் வயிறு நிறைந்தும் மெலிவான். ரொட்டியும் பெயருக்குத்தான் ரொட்டி. உமியோடு அரைத்த ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கோசுக்கிழங்கு, இன்னும் மோசமான கலப்படங்கள் எல்லாம் சேர்ந்த மாவு நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே கருகும், உள்ளே வேகாது. எடை காட்டும், சத்து இருக்காது. பசித்த குடலில் அது போய்ச் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு. தின்றதும் வெளியே போய்விடும். மிச்சமிருந்த குதிரைகளுக்கு மரச்சீவல் கலந்த தீனி. அது வயிற்றை நிரப்பும், வண்டியிழுக்கும் வலு தராது.

அடுத்த சிக்கல்தான் முற்றுகையின் முடிச்சு. ஒரு களப் பீரங்கியை இழுக்க ஆறு குதிரை வேண்டும். அதன் குண்டு வண்டிக்கு இன்னும் ஆறு. உணவு வண்டி, சமையல் வண்டி, காயம்பட்டோர் வண்டி எல்லாம் தனி. உயிர் பிழைக்க அறுத்த ஒவ்வொரு குதிரையோடும், முற்றுகையை உடைத்து வெளியேறும் திறனும் அறுபட்டது. இருந்து காத்திருப்பதா, உடைத்துக்கொண்டு போவதா என்று குஸ்மானெக் முடிவெடுக்க வேண்டிய தருணம் டிசம்பர். அந்த மாத நடுவில் தெற்கே ஒரு பெரிய வெளித்தாக்குதல் நடத்தினார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த களப்படையோடு கைகோக்கும் நம்பிக்கை அப்போது இருந்தது. களப்படை தள்ளப்பட்டதும் கோட்டைப் படையும் உள்ளே திரும்பியது. அதற்குப் பிறகுதான் பெரிய அளவில் குதிரை அறுப்பு. அறுக்கும் உத்தரவில் கையெழுத்திட்ட அன்றே வெளியேறும் வழி மூடிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். மார்ச்சில் நடந்தது அதன் நிரூபணம்.

ரஷ்யத் தரப்பில் இம்முறை தளபதி செலிவானோவ். அவருடைய பதினொன்றாம் படையில் பெரும்பகுதி இரண்டாம் வரிசைப் படைப்பிரிவுகள். அக்டோபரின் பாடம் கற்றவர் என்பதால் அரண்களை மோதிப் பார்க்கவே இல்லை. தொலைவில் தானும் கம்பி கட்டி, அகழி தோண்டி, காத்திருந்தார். பீரங்கி வீச்சு இருந்தது; அன்றாடம் நகரை நொறுக்கும் அளவில் இல்லை. மார்ச் நடுவில் வடக்கே அரண் வட்டத்துக்கு வெளியே இருந்த முன்னணி நிலைகள் சிலவற்றை எடுத்தார். அவ்வளவுதான். அவருடைய முக்கிய ஆயுதம் நாட்காட்டி.

அந்த நாட்காட்டி கொன்ராட் ஃபொன் ஹெட்சென்டார்ஃபையும் ஆட்டிவைத்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைத்தலைமையகத்தின் தலைவரான அவர், கோட்டையை மீட்கக் கார்பேதியன் மலையைக் குளிர்காலத்தில் கடக்க முடிவு செய்தார். 1915 ஜனவரி 23-இல் முதல் தாக்குதல், பிப்ரவரி 27-இல் இரண்டாவது, மார்ச் மூன்றாம் வாரத்தில் மூன்றாவது. தேதிகளைத் தேர்ந்தெடுத்தது வானிலையும் அல்ல, படையின் ஆயத்தமும் அல்ல. கோட்டைக் கிடங்கில் எத்தனை நாள் மாவு இருக்கிறது என்ற அறிக்கைதான். உஷோக், வுப்குவ் கணவாய்களிலிருந்து கோட்டை நேர்கோட்டில் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர். வரைபடத்தில் நான்கு நாள் நடை. நிலத்தில் இடுப்பளவு பனி, குறுகிய ஓரிரு சாலைகள், போதாத ரயில் வசதி.

மலைப்போரில் என்ன தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பீரங்கிகள் பனிச்சரிவில் ஏற மறுத்து அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. காலாட்படை பீரங்கித் துணையின்றி மேலேறியது. கொண்டுவந்த கொஞ்சப் பீரங்கிகளின் குண்டுகளும் ஆழ்ந்த பனியில் புதைந்து, தாக்கு விசை மழுங்கி, பாதி வீணாயின. துப்பாக்கியின் பூட்டில் போட்ட எண்ணெய் உறைந்து பூட்டு நகரவில்லை; சுடுவதற்கு முன் நெருப்பில் காட்ட வேண்டும், நெருப்பு மூட்டினால் எதிரிக்குத் தெரியும். நிலம் கல்லாக உறைந்ததால் மண்வெட்டி இறங்கவில்லை; பனியைக் குவித்து அதன் பின்னால் படுத்தார்கள், பனி தோட்டாவைத் தடுக்காது. வியர்த்து ஏறியவன் அசையாமல் படுத்தால் ஈர உடை உடலோடு உறையும். இரவில் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை. இடையில் ஓரிரு நாள் வெயில் அடித்தால் சாலை சேறாகி உணவு வண்டி நிற்கும். மறுநாள் மீண்டும் உறைந்து அந்தச் சேற்றுச் சால்கள் சக்கரத்தை உடைக்கும். ரஷ்யர்களும் இதே குளிரில்தான் நின்றார்கள். ஆனால் அவர்கள் தடுத்தால் போதும், ஏற வேண்டியதில்லை.

1915-இன் முதல் நான்கு மாதங்களில் இந்த மலைப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை இழந்தவர்கள், நோயுற்றோரையும் உறைபனியால் முடமானோரையும் கைதானோரையும் சேர்த்து, ஏறத்தாழ 8 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். 1,30,000 பேரை மீட்க 8 லட்சம். களப்படைக்கு அவகாசம் வாங்கித் தர வேண்டிய கோட்டைக்கு, களப்படையைச் செலவழித்து அவகாசம் வாங்கினார்கள். தங்கள் கட்டுரையில் கார்பேதியன் என்ற சொல்லே வரவில்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்ற கேள்விக்குப் படைக்கணக்கு பதில் தராது. இத்தாலியும் ருமேனியாவும் எந்தப் பக்கம் சாய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தன. பெயர்பெற்ற கோட்டை விழுந்தால் அவை எதிரணிக்குப் போகும் என்று வியன்னா அஞ்சியது. இத்தாலி அந்த மே மாதமே போரில் இறங்கியது.

மார்ச் 19 வெளியேற்ற முயற்சியைக் கட்டுரை 'வீரமிக்க இறுதிப் பாய்ச்சல்' என்கிறது. வீரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாமாஷி தலைமையிலான 23-ஆம் ஹொன்வேத் (ஹங்கேரியப் படை) படைப்பிரிவு முன்னணியில் நிற்க, தங்கள் படைகள் இருந்த தெற்கு மலையை விட்டுக் கிழக்கே, ரஷ்யக் கிடங்குகள் இருப்பதாக நம்பிய திசையில் போனார்கள். பல வாரம் அரைப்பட்டினி கிடந்தவர்கள், முழுச் சுமையோடு, பனிப்புயலில், இரவில் அணிவகுத்துத் தங்கள் கம்பி வேலியின் குறுகிய வாசல்கள் வழியாக வெளியேற வேண்டும். வாசலில் நெரிசல், புறப்படும் நேரம் தவறி விடியல் வந்துவிட்டது. நடக்கும்போதே பலர் சுருண்டு விழுந்தார்கள். பயணத்துக்கென்று கொடுத்த கூடுதல் உணவை உடனே தின்றவர்களின் வயிறு அதைத் தாங்கவில்லை. பின்னால் பீரங்கி இழுத்து வரக் குதிரை இல்லை. ரஷ்யர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தப் படைப்பிரிவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று.

அதன் பிறகு மிஞ்சியது அழிப்பு வேலை. இருந்த குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். பீரங்கிக் குழல்களில் வெடி வைத்துப் பிளந்தார்கள், துப்பாக்கிகளை உடைத்தார்கள், காகிதப் பணத்தையும் ஆவணங்களையும் எரித்தார்கள், கடைசிக் குதிரைகளையும் கொன்றார்கள். மார்ச் 22 காலை ஆறு மணியளவில் அரண்களின் உள்ளறைகளில் அடுக்கிய வெடிமருந்து ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தது. சான் ஆற்றுப் பாலங்களும் போயின. அப்புறம்தான் ரஷ்யர்கள் உள்ளே வந்தார்கள். 9 தளபதிகள், ஏறத்தாழ 2,500 அதிகாரிகள், 1,17,000 சிப்பாய்கள் கைதானார்கள்.

தாங்கள் வெளியிட்ட படத்தின் கீழ் 'ரஷ்யக் குண்டுவீச்சில் சிதைந்த அரண்' என்று இருப்பதை இதை வைத்தே திருத்தலாம். படத்தில் சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. கூரைப் பாளங்கள் தூக்கி எறியப்பட்டுச் சரிந்து கிடக்கின்றன. உள்ளே வெடித்ததன் அடையாளம் அது. கனரகக் குண்டு மேலிருந்து விழுந்தால் கூரையில் கீழ்நோக்கிய துளை விழும். உடைந்த கம்பியும் காங்கிரீட்டும் உள்ளறைக்குள் குவியும். சுற்றிலும் நிலத்தில் புனல் வடிவப் பள்ளங்கள் இருக்கும். அப்படிப்பட்ட சிதைவும் பிஷெமிஷ்லில் உண்டு, குறிப்பாக வடக்கே துன்கோவிச்கி பகுதி அரண்களில். அவை மே மாத இறுதியில் ஜெர்மானியர்கள் பொழிந்த கனரகக் குண்டுகளின் வேலை. 1915 மே மாதம் கோர்லிட்ஸேயில் ரஷ்ய முனையை உடைத்த பிறகு ஜெர்மன் தளபதி மாக்கென்சென் படை வந்தபோது, ரஷ்யர்கள் கையில் பாதி இடிந்த அரண்களே இருந்தன. ஜூன் 3 அன்று நகரம் கைமாறியது. தானியத்தால் நான்கரை மாதம் ஆன வேலையைச் சரியான பீரங்கி சில நாட்களில் செய்தது. எனவே பீரங்கியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது எந்த மாதம், யாருடையது என்பதைத்தான் சொல்கிறேன்.

முற்றுகைக்குள்ளிருந்து விமானத்திலும் பலூனிலும் கடிதங்கள் போனதைக் கட்டுரை அரைப் பக்கம் விவரிக்கிறது. சுவையான செய்திதான், அஞ்சல் சேகரிப்பவர்கள் இன்றும் அந்த மெல்லிய அட்டைகளைத் தேடுகிறார்கள். ஆனால் அன்றைய விமானம் ஒன்று சில பத்துக் கிலோ சுமக்கும். நாளுக்குப் பல பத்து டன் மாவு வேண்டிய நகரத்துக்கு அது உணவுப் பாதையே அல்ல.

அரணுக்கு இலக்கணம் சொல்லும்போது, பகைவரால் கொள்ள முடியாமையோடு உள்ளே கூழ் (உணவு) நிறைந்திருப்பதையும் சேர்த்தே சொல்வது நம் மரபு. தொடரின் வரும் பகுதிகளில் பீரங்கி எண்ணிக்கைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஆள், குதிரை, தானியம், நாள் என்ற நான்கு எண்களையும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. கட்டுரை முழுவதும் நகரம் என்றாலே படையினர்தான். அங்கே போலந்துக்காரர்கள், யூதர்கள், உக்ரைனியர்கள் என மூன்று சமூகத்து மக்கள் வாழ்ந்தார்கள். 1914 செப்டம்பர் 15 அன்று, ரஷ்யருக்கு உளவு சொன்னவர்கள் என்ற வெறும் சந்தேகத்தில், 40-க்கும் மேற்பட்ட உக்ரைனியக் கிராமத்தவரை ஹங்கேரியச் சிப்பாய்கள் நகரத் தெருவிலேயே வெட்டிக் கொன்றார்கள். 1915 வசந்தத்தில், கோட்டை விழுந்த சில வாரங்களில், ரஷ்ய நிர்வாகம் நகரத்து யூதர்களை ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றியது. பட்டினி கிடந்து அந்தக் குளிர்காலத்தைக் கடந்தவர்கள் அவர்கள். 'மார்ச் 22-உடன் துயரம் முடிந்தது' என்ற கட்டுரையின் கடைசி வரி அவர்களுக்குப் பொருந்தாது. அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடும்போது அந்த வரியையும் படக்குறிப்பையும் சேர்த்துத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்